கை தூக்கும் ரவிக்கை

பம்பாய் மாட்டுங்காவின் அந்தச் சிறிய மண்டபத்தில் அன்று மாஸ்டர் இருந்தார். பரீட்சை பார்க்க வந்த அம்மாள் இருந்தார். வெட்டுத் தையல் வகுப்பில் என்னோடு படித்த எல்லாரும், அவரவர் தைத்த உடுப்பைப் போட்டுக் காட்ட அவரவர் அழைத்து வந்த ஆட்களும் இருந்தார்கள். நாற்காலிகளில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் அக்கா, நான் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இரண்டு தோளும் மூடப் போர்த்தியபடி திரைக்குப் பின்னால் நின்றாள். எங்களைப் பெற்ற அய்யா வரவில்லை, தாராவியில் அவர் வேலை பார்த்த தோல் கிடங்கு அன்றும் ஓடியது. அத்தான் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், எந்த ஊரில் என்று கடிதத்தில் எழுத அவருக்கு அனுமதி இல்லை. இன்னொருத்தியும் அங்கே இல்லை. அவள் தலைப்பிரசவத்துக்குப் பாலக்காட்டுக்குப் போயிருந்தாள். அவளை நான் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் என் ரவிக்கை அவள் உடம்புக்குத்தான் தைக்கப்பட்டிருந்தது. அது அன்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மெட்ரிக் முடித்தபோது, ஏதாவது ஆபீஸில் நாற்காலி கிடைக்கும் என்று அய்யா நினைத்தார். நான் தையல் வகுப்பில் சேர்ந்தேன் என்றதும் கிடங்கில் அவரோடு வேலை செய்பவர்களிடம் அவர் ஒரு வாரம் அதைச் சொல்லவே இல்லை. "பத்துப் படிச்சவன் கத்திரியும் கையுமா நிக்கானே" என்று சோற்றைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல. ஆனால் தாதரில் சட்டை தைக்கும் ஒரு கம்பெனி, இந்த வகுப்பின் சான்றிதழ் இருந்தால் வெட்டு மேசையில் நிற்கலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தது. இல்லாவிட்டால் மிஷினில் உட்கார்ந்து உருப்படிக்கு இத்தனை என்று தைக்கலாம். மேசையில் நிற்பவனுக்கு மாதச் சம்பளம். அந்தச் சம்பளம் வந்துவிட்டால் அக்கா மாட்டுங்காவில் பத்துப்பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கப் போகவேண்டாம். இதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். "பாப்போம் பாப்போம்" என்று அவள் சொன்னாள். ஆனாலும் அன்று முதல் விளக்கு மண்ணெண்ணெயை எனக்காகக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினாள்.

சான்றிதழுக்குக் கடைசிப் பரீட்சை இதுதான்: இதுவரை கடையில் பார்க்காத ஓர் உடுப்பை நாமே யோசித்து, படம் போட்டு, காகிதத்தில் வெட்டி, மலிவுத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்த்து, பிறகு நல்ல துணியில் தைத்து, ஓர் ஆளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கூடப் படித்த கட்ச்சிப் பையன் ஒருவன், குஜராத்துப் பக்கத்தவன், குழந்தைக்கு மழைக் கோட்டு என்றான். ஒரு கொங்கணிப் பெண் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கான பாவாடை என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன்.

தோன்றியது குழாயடியில். தாராவியில் காலை வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லாருடைய ரவிக்கையும் ஒரே இடத்தில்தான் ஒட்டுப் போட்டிருந்தது, கக்கத்தில். குடத்தைத் தூக்கித் தலைக்கு ஏற்றும்போது கை மேலே போகிறது, ரவிக்கை கூடப் போவதில்லை, கிழிகிறது. நான் பல் விளக்கும் சாக்கில் அங்கேயே நின்று, ஒவ்வொருவர் கை தூக்கும்போதும் துணி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கவனித்தேன். இரண்டாம் நாள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏல, பத்துப் படிச்சவனே, குடத்தைப் பாக்கியா, எங்க கக்கத்தைப் பாக்கியா?"

"படிப்பு முத்திப்போச்சுக்கா அவனுக்கு. சீக்கிரம் ஒரு பொண்ணைப் பாருங்க" என்றாள் இன்னொருத்தி.

வரிசை முழுவதும் சிரித்தது. வாயில் பல்பொடியோடு நான் ஓடினேன். அக்கா குடத்தோடு வந்து கேட்டாள்: "உனக்கு என்ன கேடு? நாளைக்கு நான் எப்படிலே அங்க போயி நிப்பேன்?" நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் குடத்தை இறக்கவில்லை. தலையில் வைத்தபடியே கேட்டுவிட்டு, "கிழியாத சட்டையா? செய்யி பாப்போம்" என்றாள்.

வடக்கத்தி ஜிப்பாக்களில் கக்கத்தில் ஒரு துண்டு வைத்துத் தைப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சாய்சதுரம் வரைந்தவன். அதே துண்டை, இறுக்கமான கை உள்ள ரவிக்கைக்குப் பொருந்தும்படி சாய்சதுரமாக மாற்றினேன். காகிதத்தில் வெட்டி ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டினேன். மாஸ்டருக்குப் பிடித்துவிட்டது. அவர் மராட்டிக்காரர், எங்களிடம் இந்தியில் பேசுவார். பம்பாயில் குடத்துக்கு ஹண்டா என்று பெயர். "ஷாபாஷ், ஹண்டாவாலா! போட்டுக்கிற ஆள் எல்லார் முன்னாலும் ஹண்டாவைத் தூக்கிக் காட்டணும். நிறைய தண்ணியோட" என்றார். அன்றிலிருந்து வகுப்பில் எனக்கு அதுதான் பெயர். "ஹண்டாவாலா, தண்ணி பிடிச்சு வச்சாச்சா?" என்று கட்ச்சிப் பையன் தினமும் கேட்பான். நான் பெருமையாகத்தான் சிரித்தேன்.

பெண்கள் உடுப்புக்கு உடம்பில் டேப் வைத்து அளப்பது எங்கள் பக்கத்தில் எந்தத் தையல்காரரும் செய்யாத காரியம். சரியாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுப்பார்கள், அதைப் பார்த்துத் தைப்போம். அளவு ரவிக்கை என்போம். மாஸ்டரும் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் பரீட்சையன்று படம், காகித வெட்டு, மாதிரி, அளவு ரவிக்கை எல்லாம் மேசையில் வரிசையாக இருக்கவேண்டும்.

அக்காவிடம் கேட்டேன்.

"மேசையில வைப்பியளோ?" என்றாள்.

"ஆமா. எல்லாத்தையும் வைக்கணும்."

"எல்லாரும் பாப்பாவளோ?"

"பாக்கத்தான வைக்காவ."

அவளிடம் இருந்தது இரண்டே ரவிக்கை. இரண்டிலும் கக்கத்தில் ஒட்டு, அதன்மேல் வேறு நிறத்தில் இன்னோர் ஒட்டு. அதை நான் தினமும் பார்க்கிறவன். என் யோசனையே அதிலிருந்து வந்ததுதான். ஆனாலும் அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கு உறைக்கவில்லை. "நாளைக்குத் தாரேன்" என்றாள். மறுநாள் நீல நிற பாப்ளின் ரவிக்கை ஒன்றைக் கொடுத்தாள், ஒட்டுக் கிடையாது, நிறம்கூட மங்கவில்லை. "எப்ப தச்சது?" என்று கேட்டேன். "அவ்வோ ஊருல இருக்கும்போது எடுத்துக் குடுத்தாவ. பெட்டியில கெடந்துச்சு" என்றாள். அத்தான் எடுத்துக் கொடுத்தது என்றால் நான் மேலே என்ன கேட்பேன்? மேசையில் விரித்து டேப்பை வைத்து அளந்தேன்.

மாதிரியை மைதா மாவுச் சாக்குத் துணியில் தைத்தேன். சாக்குத் துணி தாராளமாகக் கிடைத்ததால் தையலுக்கு உள்ளே நிறையவே துணி விட்டிருந்தேன். மாலை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே போனேன். எங்கள் வீடு ஒரே அறை, நடுவே சேலைத் திரை. திரும்பி வந்தபோது அக்கா மாதிரியைப் போட்டு, மேலே சேலையைச் சுற்றி நின்றாள். கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். எங்கும் இழுக்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"சரியா இருக்குலே. கை நல்லாப் போவுது."

நான் வெளியே இருந்த நேரத்தில் அவள் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எடுத்து, தளர்த்தித் தைத்துப் போட்டிருக்கிறாள். சேலையை விலக்கிக் காட்டு என்று அக்காவிடம் எந்தத் தம்பி சொல்லுவான்? உடுப்பை உள்பக்கம் புரட்டிப் பார்த்திருந்தாலாவது எனக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் அவள் மடித்துக் கொடுத்த மாதிரியை அப்படியே மேசைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

துணிக்கும் ரேஷன் வந்திருந்த காலம் அது. குறைந்த துணியில் வெட்டுகிறவனுக்கு மாஸ்டர் தனி மார்க் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கூப்பனில் அந்த முறை வந்த வெள்ளைத் துணியை அய்யா எடுத்து நீட்டினார். அவருடைய சட்டைக்கு வேண்டியது. "வெட்டு" என்றார், அவ்வளவுதான். அந்தத் துணியை நான் எப்படியெல்லாம் திருப்பி வைத்து வெட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. சாய்சதுரத் துண்டு இரண்டையும் கழுத்து வளைவில் விழுந்த மிச்சத்தில் எடுத்தேன். பக்கத் தையலில் உள்ளே விடும் துணியை ஒரு நூல் அளவுக்குக் குறைத்தேன். மாஸ்டர் டேப்பை வைத்துப் பார்த்து, மேசையில் இருந்த நீல ரவிக்கையோடு ஒத்துப் பார்த்து, "இவ்வளவு துணியில் ரவிக்கையா? ஹண்டாவாலா, நீ கருமிடா!" என்று முதுகில் தட்டினார். எனக்கு மண்டை கனத்துப்போயிற்று.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை ரவிக்கையை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், "உள்ள துணி விடலையாலே?"

"விட்டா மார்க் போயிரும்க்கா. அதுதான் இதுல கெட்டிக்காரத்தனமே."

"ஆங்" என்றாள்.

அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அவள் சொல்லும்படி என் முகம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

மண்டபத்தில் என் முறை வந்தது. பரீட்சை பார்க்க வந்த அம்மாள் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், மாட்டுங்காவிலேயே பெண்களுக்குத் தையல் பள்ளி நடத்துகிறவர். என் படத்தை எடுத்துப் பார்த்தார், சாய்சதுரத்தை விரலால் தடவினார். "நன்னா யோசிச்சிருக்கே" என்றார். நான் பின்பக்கக் குழாயில் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். "வந்தாச்சு ஹண்டா!" என்று கட்ச்சிப் பையன் பின்னாலிருந்து சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்கா திரையிலிருந்து வந்தாள். கை தெரியவேண்டும் என்று அம்மாள் சொன்னதால் தலைப்பை இடுப்பில் செருகினாள். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. கூச்சம் என்று நினைத்தேன்.

குனிந்து, குடத்தைப் பிடித்து, இடுப்புக்கு ஏற்றி, தலைக்குத் தூக்கினாள். கை முழுவதும் மேலே போனது. சாய்சதுரம் விரிந்து கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு நொடி சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது, அதுதான் கேவலம். அடுத்த நொடி துணி கிழியும் சத்தம் கேட்டது. கக்கத்துக்குக் கீழே பக்கத் தையல் இடுப்பு வரைக்கும் விட்டுப்போயிற்று.

அக்கா குடத்தைப் போடவில்லை. ஒரு கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, மறு கையால் மட்டும் குடத்தை மெல்ல இறக்கித் தரையில் வைத்தாள். தண்ணீர் தளும்பித் தோளில் கொஞ்சம் சிந்தியது. தலைப்பை உருவிப் போர்த்திக்கொண்டாள். நாற்காலிகளில் யாரோ 'ஐயோ பாவம்' என்றார்கள்.

அம்மாள் எழுந்து அவளிடம் போய், போர்த்திய தலைப்புக்குள் தலையை நீட்டிக் கிழிந்த ஓரத்தைப் பார்த்தார். "நீ வச்ச துண்டு தாங்கியிருக்கு. பக்கத் தையல்தான் விட்டுடுத்து. இது மிஷின் தையல் இல்லையே, கைத்தையல்னா? துணியோட விளிம்பிலே ஓட்டியிருக்கு." என் பக்கம் திரும்பினார். "ஏன் இப்படித் தைச்சே?"

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். வெள்ளை நூலில் நெருக்கமான கைத்தையல். என் மிஷின் தையல் ஓடிய துளைகள் அதற்கு உள்ளே வரிசையாகத் தெரிந்தன. யாருடைய கை அது என்று எனக்குத் தெரியும். என் சட்டைகளில் பித்தான் தைக்கும் கை. தெரிந்தும் நான் உரக்க, மண்டபம் முழுவதும் கேட்கும்படி சொன்னேன்:

"இது என் தையல் இல்லை."

இந்தியில் மாஸ்டருக்கும் ஒருமுறை சொன்னேன். அவருக்குப் புரியாமல் போய்விடக்கூடாதே என்று.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அம்மாளைப் பார்த்துச் சொன்னாள், "நாந்தாம்மா பிரிச்சேன். தம்பி மேல தப்பு இல்ல. எனக்குப் பத்தல. அளவுக்குக் குடுத்தது என் சட்டை இல்ல."

"பின்னே ஆருடையது?"

அவள் மேசையைப் பார்த்தாள். நீல ரவிக்கை அங்கே படத்துக்கும் காகித வெட்டுக்கும் நடுவில் நன்றாக இஸ்திரி போட்டு விரித்திருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"வேல பாக்குத வீட்டு மருமகளுது. பிரசவத்துக்குப் போயிருக்காவ. தொவச்சுப் பெட்டியில வைக்கச் சொல்லிக் குடுத்தது. எங்கிட்ட நல்லதா ஒண்ணு இல்ல."

விசிறிகள் ஓய்ந்திருந்தன. கட்ச்சிப் பையனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். பரீட்சை அம்மாள் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. "இந்தப் பொண்ணை அளந்து இன்னொண்ணு தைச்சுண்டு வா. பார்க்கறேன். ஆனா ஃபீஸ் மறுபடி கட்டணும், அது என் கையிலே இல்லை" என்றார். நான் தையல் என்னுடையது என்று ஒத்துக்கொண்டிருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். நான் உரக்கச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு ஒரு மார்க்கும் கூடவில்லை.

தாராவிக்கு நடந்தோம். நான் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டேன். ரயில் பாலத்தைத் தாண்டினோம். பிறகு அக்கா சொன்னாள், "குடம் கீழ விழல பாத்தியா. அதுக்கு ஒரு மார்க் போடப்படாதா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. "ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"ஒரே ஒடம்பு வாகுன்னு நெனச்சேன். சாக்குச் சட்டையில பிரிச்சுத் தச்சா சரியாப்போச்சு. இதுலயும் பிரிச்சுக்கிடலாம்னு இருந்தேன். நீ உள்ள ஒண்ணுமே விடல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அங்க எல்லார் முன்னாலயும் ஒட்டுச் சட்டையை விரிச்சு வைக்க எப்படிலே மனசு வரும்? உன் சட்டை, அவ்வளவு அழகாப் படம் போட்டிருக்க" என்றாள்.

ஒட்டுப் போட்ட சட்டையை வைத்துத்தான் நான் அந்தப் படத்தையே போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இனி அதைச் சொல்லி என்ன.

மறுநாள் அவள் நீல ரவிக்கையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போனாள். பேச்சு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் பயந்தேன். போகவில்லை. அவளே வீட்டு அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மத்தியானம் அதே ரவிக்கையோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னாவ?"

"பிள்ளை பெத்து வந்தா அவளுக்கு இது பத்தாது, நீயே வச்சுக்கோன்னு சொல்லிட்டாவ." அதை என் மடியில் போட்டாள். "திட்டியிருந்தா நாளைக்கும் போயிருப்பேன்."

அவள் போகவில்லை. அந்த ரவிக்கை எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாது. ஆனாலும் அதற்கு விலை கொடுத்தே ஆகவேண்டும் என்று நின்றாள். "சும்மா வச்சுக்கிட்டா வேற பேரு" என்றாள். அய்யா எதுவும் கேட்காமல் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வீட்டு அம்மாள் வேண்டாம் என்றாராம். அய்யா வாசல்படியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். "அளலே" என்றாள்.

நான் டேப்பைச் சுற்றினேன். என் விரல் அவள் முதுகில் படாமல் இருக்கவேண்டும் என்று நான் பட்ட பாடு அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதக்கா."

"பிடிக்கல."

"பிடிக்க. டேப் சொல்லுது."

அவள் சிரித்துவிட்டாள். மூச்சு வெளியே வந்தது, டேப் என் கையில் நகர்ந்தது. எண்ணைப் பார்த்தேன். நீல ரவிக்கையின் எண்ணுக்கும் இதற்கும் இருந்த தூரம், சாதாரணமாகக் கண் இருக்கிறவனுக்கே தெரிந்திருக்கவேண்டிய தூரம். ஒரே அறையில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

கூப்பன் தீர்ந்துபோயிருந்ததால் துணியைக் கறுப்புச் சந்தையில் வாங்கினோம். இந்த முறை உள்ளே இரண்டு விரல் விட்டு வெட்டினேன். மாஸ்டர் பார்த்தார், மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. அக்கா மறுபடியும் அதே மண்டபத்துக்கு வந்தாள். வரவேண்டாம், வேறு யாரையாவது கேட்கிறேன் என்று சொன்னேன். "எனக்குத் தச்சதை வேற யாரு போடுவா?" என்றாள். குடத்தைத் தூக்கினாள். ரவிக்கை தாங்கியது. மேசையில் அளவு ரவிக்கைக்கான இடம் காலியாக இருந்தது, அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது நான் தாதர் கம்பெனியில் வெட்டு மேசையில் நிற்கிறேன். அக்கா வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. செம்பூரில் வேலை செய்ய வேறு வீடு பிடித்துக்கொண்டாள், ரயிலில் போய் வருகிறாள். என் சம்பளம் வருகிறது, நீ வேலையை விட்டு நில்லு என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. மண்டபத்தில் அவளை விட்டுக்கொடுத்த வாயால் அதை எப்படிச் சொல்வது?

எல்லாம் முடிந்தபின் ஒரு மாலை அய்யா விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். மறு ஃபீஸ் பத்து ரூபாய். கறுப்புச் சந்தைத் துணி ஐந்து ரூபாய் எட்டணா. நீல ரவிக்கைக்கு நாலு ரூபாய். "பத்தொன்பது ரூபா எட்டணா, போவட்டும்" என்றார். செம்பூர் வீடு கிடைக்கும்வரை அக்கா இழந்த ஒரு மாதச் சம்பளம் ஒன்பது ரூபாயை நான் சேர்க்கச் சொன்னேன். "அதை எதுக்குச் சேக்க?" என்று அக்கா தடுத்தாள். அய்யா சேர்க்கவில்லை. நான் சேர்த்துக்கொண்டேன்: இருபத்தெட்டு ரூபாய் எட்டணா.